பாட்டியின் வார்ப்பிரும்பு வாணலி செதில் செதிலாக உரிகிறது, முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பழக்கலாமா?

சாம்பல்நிறம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாட்டி காலமெல்லாம் புழங்கிய வார்ப்பிரும்பு வாணலி ஒன்று போன மாதம் என் கைக்கு வந்தது. பத்து வருடமாவது பரணில் கிடந்திருக்கும். வெளிப்பக்கம் முழுக்கக் கரி, சில இடங்களில் நகத்தால் நெம்பினால் சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும் அளவுக்குத் தடிமன். உள்பக்கம் பாதி மினுமினுப்பு, பாதி சொரசொரப்பு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்பில் துரு.

நான் இதுவரை செய்தது: உப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன், எண்ணெயைத் தாராளமாகத் தடவி அடுப்பில் வைத்துப் புகை வரும் வரை காய்ச்சினேன். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஆறின பிறகு தொட்டுப் பார்த்தால் விரல் ஒட்டுகிறது, துடைத்த துணியின் நூல் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாகப் புள்ளிகள். சரி, புழங்கப் புழங்கச் சரியாகும் என்று ஒரு முட்டையை ஊற்றினேன், முட்டையோடு கருப்புச் செதில்களும் சேர்ந்து வந்தன. அன்றைக்கு ராத்திரி கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன், காலையில் பார்த்தால் விளிம்பு முழுக்க ஆரஞ்சு நிறம்.

எனக்கு இது வெறும் பாத்திரம் இல்லை, அதனால் கெடுத்துவிடாமல் செய்ய வேண்டும். பழையதை முழுதாக எடுத்தே ஆக வேண்டுமா? எதை வைத்து எடுப்பது? தெரிந்த ஒருவர், நெருப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சினால் எல்லாம் எரிந்து போய்ச் சுத்தமாகிவிடும் என்கிறார். செய்யலாமா?

பட்டறைப்பூனை எழுதியது:

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: நெருப்பில் போடாதீர்கள். கரி எரிந்து போகும் என்பது உண்மைதான், ஆனால் வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது, அதில் பெரும்பகுதி உலோகத்துக்குள் மெல்லிய கிராஃபைட் தகடுகளாகப் பரவிக் கிடக்கும், அதனால்தான் இது வளையாமல் சட்டென்று விரிசல் விடும் உலோகம். ஒரு பக்கம் சிவந்து மறு பக்கம் ஆறியிருந்தால் கோணிக்கொள்ளும், இல்லையென்றால் கீறிவிடும். கோணாமல் தப்பித்தாலும் மேற்பரப்பு வெந்து செங்கல் மாதிரி ஒரு சிவப்பு ஏறும், அந்த இடத்தில் பிறகு எத்தனை தடவை பழக்கினாலும் சரியாகப் பிடிக்காது. தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதி உள்ள ஓவன்களும் உள்ளே 480 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும், அதிலும் வைக்க வேண்டாம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். வாணலியை ஒரு கையால் கைப்பிடியில் தூக்கிப் பிடித்து, மரக்கரண்டியால் விளிம்பில் லேசாகத் தட்டுங்கள். மணி மாதிரிக் கணீரென்று இழுத்துக் கேட்டால் நல்லது. தொப்பென்று அடங்கிப் போனால் எங்கேயோ கீறல் இருக்கலாம், கரிக்கு அடியில் தெரியாது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாணலியில் இருக்கும் அழுக்கு இரண்டு வகை, இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. கருப்பாக, பிசுக்காக இருப்பது வெந்து இறுகிய எண்ணெய். செம்பழுப்பாக இருப்பது துரு. எண்ணெயைக் கரைக்கக் காரம் வேண்டும், துருவைக் கரைக்க அமிலம் வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு, வினிகரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தும் கரி போகவில்லை என்று வருகிறார்கள். கரி போகாது, அதற்குள் துரு இல்லாத நல்ல இரும்பை வினிகர் தின்றிருக்கும். முதலில் காரம், நன்றாகக் கழுவல், அதற்கப்புறம்தான் வினிகர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

காரம் என்றால் காஸ்டிக் சோடா. கனமான பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் தண்ணீர், அதில் 450 கிராம் அளவு போட்டால் போதும். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, சூடாகிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, இரண்டும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். வாணலியை முழுக அமிழ்த்தி மூடி வைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கரி சேறு மாதிரி இளகியிருக்கும். எடுத்துத் தண்ணீரில் கழுவி இரும்பு நாரால் தேய்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் மறுபடியும் போடலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், காரம் இரும்பை ஒன்றும் செய்வதில்லை, ஒரு வாரம் மறந்து போனாலும் வாணலிக்குச் சேதம் இல்லை.

துருவுக்குச் சாதாரண வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. அரை மணி நேரம் ஊறவைத்து எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், போகவில்லையென்றால் இன்னொரு அரை மணி. அதற்குமேல் ஒரே மூச்சில் விட வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள்.

பட்டறை வசதி உள்ளவர்கள் மின்பகுப்பில் செய்வார்கள்: சலவைச் சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், வாணலிக்கு எதிர்முனை, ஒரு வீண் இரும்புத் தகட்டுக்கு நேர்முனை. துரு, கரி இரண்டையும் அது எடுத்துவிடும். ஆனால் அந்தத் தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும், சலவைச் சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும், எப்படிச் செய்தாலும் ஹைட்ரஜன் வெளியே வருவதால் திறந்தவெளி வேண்டும். ஒரே ஒரு வாணலிக்காக இவ்வளவு தேவையில்லை.

அடுப்பங்கரை எழுதியது:

பூனை அண்ணா சொன்ன எல்லாம் சரி, ஆனால் காஸ்டிக் சோடாவைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அலுமினியம் எதையும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். நான் முதல் தடவை செய்தபோது சட்டி அடியில் ஒட்டாமல் நிற்கட்டும் என்று ஒரு பழைய வளையத்தை உள்ளே போட்டேன், அது அலுமினியம் என்று யோசிக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் பொங்கி நுரைத்து, மூக்கில் ஏறும் ஆவி. அலுமினியமும் காரமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வெளிவரும், சூடும் ஏறும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நல்ல வேளையாக அதை வாசலில் வைத்திருந்தேன். வீட்டில் குழந்தைகள், நாய், பூனை எதுவாவது இருந்தால் தொட்டி பூட்டின இடத்தில்தான் இருக்க வேண்டும். கையில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாதீர்கள், குழாயடியில் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது காட்டுங்கள். கண்ணில் பட்டால் அப்படியே கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள். வாணலிக்கு மரக் கைப்பிடி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், காரம் மரத்தைத் தின்றுவிடும்.

தொட்டி வைக்க இடமில்லாதவர்களுக்கு எளிய வழி, ஓவன் சுத்தம் செய்யும் நுரை. வாங்கும்போது புட்டியின் பின்புறம் சோடியம் ஹைட்ராக்சைடு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அதுவும் காஸ்டிக் சோடாதான். நெடி இல்லாதது என்று விற்பதில் பெரும்பாலும் அது இருக்காது, அதனால் இந்த வேலைக்கு உதவாது. வாணலி முழுக்க அடித்து, தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு நாள் வையுங்கள். நுரை காய்ந்துவிட்டால் வேலை செய்யாது, அதற்குத்தான் பை. கையுறையும் கண்ணாடியும் இதற்கும் கட்டாயம்.

இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். எல்லா வாணலியையும் இப்படி உரிக்கத் தேவையில்லை. லேசாகத் துரு பிடித்தது, ஒரு இடத்தில் மட்டும் பூச்சு போனது என்றால் இரும்பு நாரால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து எண்ணெய் காட்டினால் போதும், நல்ல பூச்சை வீணாக எடுக்கக் கூடாது. உங்களுடையதில் செதில் உணவோடு வருகிறது, அடியில் துருவும் இருக்கிறது, அதனால்தான் முழுதாக எடுக்கச் சொல்கிறேன். செதிலுக்கு மேல் புதுப் பூச்சுப் போட்டால் இரண்டும் சேர்ந்து உரியும்.

இது உங்கள் பாட்டியுடையது, என்ன சமைத்தார்கள் என்று தெரியும், அதனால் பயமில்லை. யாரிடமிருந்தோ வந்த, கதை தெரியாத பழைய சட்டி என்றால் காரீயம் இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிடுவது நல்லது, வார்ப்பிரும்புச் சட்டியில் காரீயம் உருக்கியவர்கள் உண்டு. காரீயம் இருந்தால் எதைச் செய்தும் அதைச் சமையலுக்குக் கொண்டுவரக் கூடாது.

சாம்பல்நிறம் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. தட்டிப் பார்த்தேன், கணீரென்றுதான் கேட்டது, அந்தச் சத்தம் ரொம்ப நேரம் காதில் நின்றது. நுரை வழியே எனக்குச் சரிப்படும். அதற்கப்புறம் பழக்குவது பற்றிச் சொல்லுங்கள். மூன்று தடவையும் ஏன் பிசுபிசுத்தது? ஆளி விதை எண்ணெய்தான் சிறந்தது என்று பல இடங்களில் படித்தேன், அதையே வாங்கலாமா? என் ஓவன் சின்னது, வாணலியின் கைப்பிடி கதவில் இடிக்கிறது.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

பிசுபிசுத்ததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது சகோ: "தாராளமாகத் தடவி". பழக்குவதில் எண்ணெய் இரும்புக்குள் ஊறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சூட்டாலும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனாலும் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான ஒரு படலமாக மாறுகின்றன, பாலிமர் என்கிறோமே அது. தடிமனாக இருந்தால் மேல்பாகம் மட்டும் இறுகி அடியில் இருப்பது பாதி வெந்ததாக நின்றுவிடும். அதுதான் விரலில் ஒட்டுவது. அதோடு சூடு ஏறும்போது அதிகப்படி எண்ணெய் இழுத்துக்கொண்டு சொட்டுகளாகத் திரளும், நீங்கள் பார்த்த தேன் நிறப் புள்ளிகள் அவைதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வாணலியைக் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி, நூல் விடாத துணியில் அரைக் கரண்டி எண்ணெய் எடுத்து உள்ளே, வெளியே, கைப்பிடி, அடிப்பாகம் எல்லாம் தடவுங்கள். பிறகு வேறொரு சுத்தமான காய்ந்த துணியை எடுத்து, தெரியாமல் எண்ணெயைத் தடவிவிட்டோம், முழுக்க எடுத்தாக வேண்டும் என்ற எண்ணத்தோடு அழுத்தித் துடைத்து எடுங்கள். பார்வைக்கு எண்ணெயே இல்லை என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இரும்பில் நிற்கிறது, நமக்கு வேண்டியது அவ்வளவுதான். பத்து நிமிடம் சூடானதும் வெளியே எடுத்து இன்னொரு தடவை துடைத்தால் இன்னும் நல்லது, வியர்த்த மாதிரிக் கொஞ்சம் கசிந்திருக்கும்.

ஓவனில் வைப்பவர்கள் 230 முதல் 250 டிகிரிக்குள் வைத்து, கவிழ்த்தபடி ஒரு மணி நேரம் விட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும். இதை மூன்று நான்கு தடவை. புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். உங்களைப் போல ஓவனில் அடங்காதவர்களுக்கு அடுப்பே போதும், பொறுமைதான் கூடுதலாக வேண்டும். சின்னத் தீயில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள், எடுத்தவுடன் பெரிய தீயில் வைத்தால் நடு மட்டும் காய்ந்து விளிம்பு குளிர்ந்தே இருக்கும், வார்ப்பிரும்பு சூட்டைப் பக்கவாட்டில் மெதுவாகத்தான் கடத்தும். புகை வர ஆரம்பித்ததும் வாணலியைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு பக்கத்தையும் தீயின் மேல் காட்டுங்கள். ஈரப் பளபளப்பு மறைந்து மங்கலாகும் தருணம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஒரு ஓரத்தில் தொடங்கி அப்படியே நகர்ந்து போகும். அது எல்லா இடத்திலும் வந்ததும் தீயை அணைத்து ஆறவிட்டு அடுத்த அடுக்கு.

எண்ணெய் விஷயம். ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், அது வேகமாக, ரொம்பக் கடினமாக இறுகும், ஓவியர்கள் வண்ணம் குழைக்க அதை எடுப்பதும் இதனால்தான். முதல் நாள் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் கடினம் என்றால் நெகிழ்வு இல்லை, சூடு ஏறி இறங்க ஏறி இறங்கப் பொருக்குப் பொருக்காக உதிரும். நான் ஆறு அடுக்கு ஆசை ஆசையாகப் போட்ட ஒரு சட்டி இரண்டே மாதத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது, மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். அதற்குப்பின் சூரியகாந்தி எண்ணெய்தான். கனோலா, சோயா, திராட்சை விதை எதுவானாலும் சரி. நல்லெண்ணெயும் ஆகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, பின்னிக்கொள்ள அதில் இடமே குறைவு. ஆளி விதை எண்ணெய்தான் வேண்டும் என்று யாராவது நின்றால் ஒன்று மட்டும்: மரத்துக்குப் பூசும் காய்ச்சின வகை சமையல் பாத்திரத்துக்கு ஆகாது, அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பட்டறைப்பூனை எழுதியது:

இதற்கு நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போகிறது, நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கரியும் துருவும் போன வெற்று இரும்பு வெளிர்ச் சாம்பலாக இருக்கும், தண்ணீர் பட்டுக் காய்வதற்குள் கண் முன்னாலேயே மஞ்சள் பாய்ந்து துருப் பிடிக்கும். வினிகரிலிருந்து எடுத்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, உடனே அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டி, அந்தச் சூட்டோடு முதல் எண்ணெய். எண்ணெய், துணி எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு கழுவ ஆரம்பியுங்கள், நடுவில் போனை எடுக்காதீர்கள். கொஞ்சம் மஞ்சள் வந்துவிட்டாலும் பதற வேண்டாம், எண்ணெய்த் துணியாலேயே அழுத்தித் துடைத்தால் போய்விடும்.

உள்ளே சொரசொரப்பாக இருக்கிறதே என்று மின் சாணை வைத்துத் தேய்க்கவும் போகாதீர்கள். பாத்திரத்தை மணல் அச்சில் வார்க்கிறார்கள், ஆபிரகாம் டார்பி இங்கிலாந்தில் 1707இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், அதே அடிப்படை இன்றும் தொடர்கிறது. அந்த மணலின் தடம்தான் சொரசொரப்பு. அது இருப்பதால் ஒன்றும் குறைவில்லை, பூச்சு பிடித்துக்கொள்ள அது தோதாகவே இருக்கும்.

சாம்பல்நிறம் எழுதியது:

முடித்துவிட்டேன்! விவரமாகச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

நுரை அடித்துப் பையில் கட்டி வாசலில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் பைக்குள் பழுப்புக் கஞ்சி. தேய்த்தபோது உள்பக்கம் முழுக்கப் போய்விட்டது, வெளியே அடிப்பாகத்தில் மட்டும் விடாப்பிடியாக நின்றது. இன்னொரு தடவை அடித்து இன்னும் இரண்டு நாள் வைத்தேன். அந்தக் கரி கழன்றபோது கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன எண்ணும் அதன் பக்கத்தில் ஒரு பூ மாதிரி அடையாளமும் தெரிந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், சின்ன வயதிலிருந்து இந்த வாணலியைப் பார்க்கிறார், அவருக்கே அப்படி ஒன்று அதில் இருப்பது தெரியாது.

வினிகரில் அரை மணி வீதம் இரண்டு தடவை. கழுவித் துடைத்து அடுப்புக்குக் கொண்டுபோவதற்குள் விளிம்பில் மஞ்சள் வந்துவிட்டது, அண்ணா சொன்னபடி எண்ணெய்த் துணியால் துடைத்தேன், துணியில் செம்பழுப்பாக வந்தது, மூன்றாவது துணியில் நின்றுவிட்டது. பிறகு சூரியகாந்தி எண்ணெய், அடுப்பிலேயே ஐந்து அடுக்கு, ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. முதல் அடுக்கில் வெறும் பித்தளை நிறம்தான் வந்தது, மனசு கொஞ்சம் தளர்ந்துபோனது. மூன்றாவதில் பழுப்பு, ஐந்தாவதில் கருப்பு. துடைத்து எடுப்பது எவ்வளவு கடினமான பழக்கம் என்று இப்போதுதான் புரிகிறது, கை தானாகவே நிறைய எண்ணெய் வைக்கப் பார்க்கிறது. ஒட்டவே இல்லை, நூலும் இல்லை.

நேற்று முட்டை ஊற்றினேன். ஒரு ஓரம் லேசாகப் பிடித்தது, கரண்டியை அடியில் விட்டதும் விட்டுக்கொடுத்தது, செதில் ஒன்றுகூட இல்லை. ஒரே சந்தேகம்: கழுவித் துடைக்கும்போது துணியில் லேசாகக் கருப்பு வருகிறது, நடுவில் ஒரு இடம் மட்டும் மங்கலாக இருக்கிறது. மறுபடியும் உரிக்க வேண்டுமா?

மூன்றாம்அடுக்கு எழுதியது:

வேண்டவே வேண்டாம். துணியில் கருப்பு என்றால் மேலே நிற்கும் கரித்துகள், பிரச்சினை இல்லை. செம்பழுப்பு வந்தால்தான் துரு என்று அர்த்தம். மங்கலான இடம் தீ நேராகப் படும் இடமாக இருக்கும், எண்ணெய் விட்டுச் சமைக்கச் சமைக்க அது தானாகவே கூடிவரும். முதல் சில வாரம் தக்காளி, எலுமிச்சை, வினிகர் என்று புளிப்பானது எதையும் அதில் நேரம் எடுத்துக் கொதிக்கவிடாதீர்கள், புதுப் பூச்சை அது அரித்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவலாம், இப்போதைய பாத்திர சோப்பில் காஸ்டிக் காரம் இல்லை. ஊறப்போட மட்டும் வேண்டாம்.

அடுப்பங்கரை எழுதியது:

அந்தப் பூ அடையாளத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தங்கச்சி, அடுத்த கரி ஏறுவதற்குள் பார்த்துவிடுகிறோம்.